அடுகோடி: கடைசிப் பர்லாங்

அடுகோடியில் வழி கேட்கக் கன்னடம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தமிழில் கேட்டால் பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும். பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குப் போகும் ஓசூர் சாலையில் இருக்கிற பேட்டை இது. 1950களில் ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்யும் மைகோ தொழிற்சாலை வந்து, அடுகோடியைத் தொழிலாளர் பேட்டை ஆக்கியது. மைகோ இப்போது பாஷ். உற்பத்தி பிடதிக்குப் போய்விட்டது. பழைய ஆலை வளாகம் 2022இல் கண்ணாடியும் கணினியுமாகத் திறக்கப்பட்டது. பெயர்ப்பலகை மாறினாலும் வயதானவர்களுக்கு அது இன்னும் மைகோதான்.

ஆலைச் சங்கை நம்பி நடந்த பிழைப்பு இன்று கல்லூரி மணியை நம்பி நடக்கிறது. டெய்ரி சர்க்கிள் பக்கம் கிறிஸ்து பல்கலைக்கழகம். 1969இல் கல்லூரியாகத் தொடங்கி, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதைச் சுற்றியுள்ள சந்துகளில் மாடிக்கு மேல் மாடியாக பி.ஜி. விடுதிகள். இன்னொரு பக்கம் நிம்ஹான்ஸ். மனநோய்க்கும் நரம்பு நோய்க்கும் நாடெங்கும் பெயர் பெற்ற மருத்துவமனை. 1994இல் அதுவும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று தமிழ்நாட்டிலிருந்து வரும் நோயாளிகளுக்கோ அது கல்வி நிலையம் அல்ல, கடைசி நம்பிக்கை.

இந்த இரண்டு வளாகங்களையும் ஒட்டித்தான் பெங்களூர் மெட்ரோவின் பிங்க் பாதை வரையப்பட்டது. 2014இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த இரண்டாம் கட்டத் திட்டத்தில் ஒரு பகுதி. தெற்கே காளேன அக்ரஹாராவிலிருந்து வடக்கே நாகவாரா வரை சுமார் 21 கி.மீ. இந்திய மேலாண்மைக் கழகத்துக்கென்று ஒரு நிலையம், ஜெயதேவா மருத்துவமனைக்கு ஒன்று, தாவரெகெரெ வரை மேம்பாலம். அதற்குப் பிறகு ரயில் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. டெய்ரி சர்க்கிள், லக்கசந்திரா, லாங்போர்டு டவுன் என்று எல்லாம் சுரங்க நிலையங்கள். மேலே தூண் நட இடமில்லாத நெரிசல்தான் காரணம் என்பதை ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு அங்கே நின்று பார்த்தால் யாரும் சொல்லாமலே புரியும்.

சுரங்கம் தோண்டும் வேலை 2024 அக்டோபரில் முடிந்தது. ஆனால் 2025 முடியும்வரை இந்தப் பாதையில் பயணிகள் ரயில் ஓடவில்லை. ஒப்புதலுக்குப் பிறகு முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை அதற்குள் பிளஸ் டூவை எட்டியிருக்கும்.

கல்விக்கூடத்துக்கு ரயில் விடுவது புதிய யோசனையல்ல. சென்னையில் 1995இல் கடற்கரையிலிருந்து முதலில் ஓடிய பறக்கும் ரயில் போய் நின்ற இடம் சேப்பாக்கம். அங்கிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் பக்கம். டில்லியின் முதல் சுரங்க மெட்ரோ 2004 டிசம்பரில் தொடங்கிய நிலையத்துக்குப் பெயரே விஸ்வவித்யாலயா. பெங்களூரிலும் ஓர் உதாரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் பர்பிள் பாதை மைசூர் சாலையிலிருந்து கெங்கேரிக்கு நீட்டப்பட்டபோது பெங்களூர் பல்கலைக்கழக வளாகத்தின் பெயரில் ஞானபாரதி நிலையம் வந்தது. அந்த வளாகம் ஆயிரம் ஏக்கருக்கு மேல். நிலையத்தில் இறங்கியவருக்குப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது, வகுப்பறை வரவில்லை. துறைகள் மரங்களுக்கு நடுவே எங்கெங்கோ இருக்கின்றன. பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்க வேண்டும்.

அடுகோடிப் பக்கம் அந்தக் கஷ்டம் இல்லை. இங்கே வளாகங்கள் சிறியவை, நிலையங்கள் நடந்து போகும் தூரத்தில். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: சாலையைக் கடப்பதில். டெய்ரி சர்க்கிளில் மேம்பாலத்தின் மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம் என்று வண்டிகள் பாய்கின்றன. நடைபாதை சில இடங்களில் உண்டு, சில இடங்களில் பள்ளம், சில இடங்களில் ஸ்கூட்டர் நிறுத்துமிடம். இருபது வயது மாணவி துள்ளிக் கடந்துவிடுவாள். ஒரு கையில் பழைய ஸ்கேன் படங்கள் அடங்கிய பை, மறு கையில் தடுமாறி நடக்கும் மகன் என்று நிம்ஹான்ஸுக்குப் போகும் தாய் என்ன செய்வாள்?

அவளுக்கு இந்த ரயில் தரக்கூடியது பெரிது. ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரையிலான மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறவர் ஓசூர் தாண்டி பொம்மசந்திராவில் பஸ்ஸை விட்டுவிடலாம். மஞ்சள் பாதையில் ஜெயதேவா வரை வந்து, பிங்க் பாதைக்கு மாறினால் அடுத்து தாவரெகெரெ, அதற்கடுத்து டெய்ரி சர்க்கிள். வெளிநோயாளிப் பிரிவின் காலை வரிசைக்காக நள்ளிரவிலேயே ஊரிலிருந்து கிளம்புகிற குடும்பத்துக்கு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் தப்பினாலே போதும்.

பணக் கணக்கு வேறு மாதிரி. கர்நாடகத்துப் பெண்களுக்கு 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தில் சாதாரண அரசு பஸ் இலவசம். மெட்ரோவிலோ 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக ஏறியது. அடுகோடியில் வீட்டு வேலைக்குப் போகிற தமிழ்ப் பெண் உள்ளூர் முகவரி அட்டையைக் காட்டி பஸ்ஸில் சும்மா போவாள். காலடியில் ஓடும் ரயிலில் ஏற யோசிப்பாள். சேலத்திலிருந்து வந்து பி.ஜி. விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணுக்குத் தமிழ்நாட்டு முகவரி என்பதால் இலவச பஸ்ஸும் கிடையாது. இருவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள், ஒரே மொழி பேசுகிறார்கள். நிலையம் வரும் என்ற பேச்சோடு வாடகையும் ஏறும் என்பது இருவருக்குமே தெரியும்.

லக்கசந்திரா பக்கத் தெருக்களில் காலையில் பி.ஜி. விடுதிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. தோளில் பையுடன் மாணவர்கள் கிறிஸ்துவின் பக்கம் போகிறார்கள். எதிர்ப்பக்கமாக, சற்று மெதுவாக, ஸ்கேன் பைகளுடன் வேறு சிலர் நடக்கிறார்கள். சிக்னலில் இரண்டு கூட்டமும் ஒன்றாக நின்று, பச்சை விளக்குக்குக் காத்திருக்கிறது.