பழைய கணினியிற் பிறிதொரு யுனிக்ஸ்

மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தார் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை நிறுத்தினர். விண்டோஸ் 11 புதிய செயலியையும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் வேண்டி நிற்பது. ஆகவே பழுதொன்றுமில்லாத மடிக்கணினிகள் பல அலுமாரிகளில் உறங்குகின்றன. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் புதுக் கணினியின் விலை மாணவர் குடும்பங்களுக்கு எத்துணைச் சுமை என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் பயிலும் அயல்வீட்டு மாணவனுக்குக் கொடுக்கும் நோக்குடன், அத்தகைய கணினியொன்றிலே, கிருலப்பனையிலுள்ள எம் இல்லத்தில், ஃப்ரீபிஎஸ்டியை நிறுவினோம்.

லினக்ஸ் இருக்க இஃதேன் எனச் சிலர் வினவுவர். லினக்ஸ், யுனிக்ஸைப் பின்பற்றி 1991இற் புதிதாய் எழுதப்பெற்றது. ஃப்ரீபிஎஸ்டி 1993இல் தோன்றியதெனினும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்து யுனிக்ஸ் மரபில் நேரே வந்தது. அதன் கைநூல் மிகச் செம்மையானது. ஆசிரியர் அருகில்லாத மாணவனுக்கு இஃதொன்றே போதும்.

விசைப்பலகை, வட்டு, கம்பிவழி இணைப்பு ஆகியன உடனே இயங்கின. திரைக்குரிய இயக்கியைத் தனியே சேர்க்க நேர்ந்தது. வைஃபை மாத்திரம் வாய் திறக்கவில்லை.

இயங்குதளத்தார் திறமைக்குறைவே இதற்குக் காரணமெனக் கூறல் நியாயமன்று. ஒரு சில்லுக்கு இயக்கி எழுத வேண்டின் அதன் உள்ளமைப்பை விளக்கும் ஆவணம் வேண்டும். உற்பத்தியாளர் பலர் விண்டோஸுக்கு இயக்கியைத் தாமே எழுதித் தருவர். லினக்ஸுக்கும் சிலர் தருவர். எஞ்சியோர்க்கு ஆவணந்தானும் கொடார். தொண்டர் சிலரே ஆய்ந்து ஆய்ந்து எழுத வேண்டியதாகின்றது. 1995இற் பிரிந்து தோன்றிய ஓப்பன்பிஎஸ்டியார், மூலநிரல் காட்டாத இயக்கிகளைத் தம் தளத்துட் சேர்ப்பதேயில்லை. ஃப்ரீபிஎஸ்டியார் வேறு வழி கண்டனர்: 2022இல் வெளிவந்த 13.1ஆம் பதிப்பில், இன்ரெல் வைஃபை சில்லுகளுக்கான லினக்ஸ் இயக்கியையே இடையே ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கை வைத்து இயக்கினர். வேறு சிலரோ கணினிக்குள்ளேயே ஒரு சிறு லினக்ஸை ஓடவிட்டு வைஃபையை அதன் கையில் ஒப்படைப்பர். விருந்தினனை அழைத்து வாயில் காக்க வைப்பது போன்றதே இது!

இன்னுமொரு சிக்கல். சில சில்லுகளுக்கு ஃபர்ம்வேரை இணையத்திலிருந்தே பெறவேண்டும். இணையம் வேண்டின் அச்சில்லு இயங்கவேண்டும். கம்பி இணைப்பில்லாத வீடுகளில், அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியை யூஎஸ்பி வடத்தாற் பிணைத்து இணையத்தைப் பகிர்வது தக்க உபாயம். தொலைபேசிகள் பலவற்றைக் கணினி ஒரு வலையட்டையாகவே ஏற்றுக்கொள்ளும்.

தம் பழங்கணினியை மாணவர்க்கு ஈய விரும்பும் பழைய மாணவர், வட்டை அழிக்குமுன் ஒன்று செய்தல் நன்று. நிறுவற் கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே தளத்தை ஓட்டி, ‘பிசிஐகொன்ஃப்’ கட்டளையை இடுக. இயக்கியில்லாத உறுப்பு ‘நன்’ என்ற பெயரோடு தோன்றும்; அருகே உற்பத்தியாளர் எண் இருக்கும். 8086 எனின் இன்ரெல் (1978இல் வெளிவந்த தம் செயலியின் எண்ணையே அவர்கள் சூடிக்கொண்டனர்). அவ்வெண்ணைக் கைநூலோடு ஒப்புநோக்கலாம். யூஎஸ்பி வைஃபை வாங்குவோரும் பெட்டியின் பெயரை நம்பலாகாது. ஒரே பெயரில் வெவ்வேறு சில்லுகள் வருவதுண்டு.

அம்மாணவனின் கணினியில் இப்பொழுது யூஎஸ்பி வைஃபையே வேலை செய்கின்றது. மூடியைச் சாத்தி உறங்கவைத்தால் மாத்திரம் அது விழிப்பதில்லை. அவன் அணைத்தே வைக்கின்றான்.