சூடு ஆறுவதற்குள்

தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்தில், இரும்பு ஏணியைப் பிடித்து ஏறினால் ஒரு மாலா. கோலி என்கிற ஒற்றையறை வீட்டுக்கு மேலே எழுப்பிக்கொள்ளும் சிற்றறைக்கு மும்பைத் தமிழர்கள் சொல்லும் பெயர் அது. பழைய லேப்டாப், 25 கட்டை கீபோர்டு, ஒரு ஹெட்ஃபோன், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட போர்வை. இவ்வளவுதான் ஸ்டூடியோ.

"வாங்கண்ணே, குனிஞ்சு வாங்க, தலையில இடிக்கும்" என்றான் தம்பி. பகலில் லெதர் பை தைக்கும் பட்டறையில் வேலை. இரவில் பீட் செய்கிறான். பாட்டுப் பதிவென்றால் கடைசி லோக்கல் போன பிறகுதான். முதல் லோக்கல் கிளம்பும்வரை கிடைக்கும் அமைதியில் குரலை எடுத்து முடித்துவிட வேண்டும்.

2018இல் 'காலா' படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் தாராவித் தமிழ் ராப் குழு டோப்அடெலிக்ஸ் பாடியபோது இவன் பள்ளிக்கூடப் பையன். அதைக் கேட்டுத்தான் தொடங்கினான், அதுவும் கிராக் மென்பொருளில். அதோடு ஒட்டிவந்த வைரஸ் ஆறு மாதப் பாட்டுகளைத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து காசில்லாமலே முறைப்படி கிடைப்பதை மட்டும்தான் வைத்திருக்கிறான். "இப்ப யாரு வந்து பாத்தாலும் பயமில்லண்ணே. என் பாட்டுல இருக்கிறது எல்லாம் எனக்கு உரிமையுள்ளது." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இன்னொரு முறை அந்த ஏணியில் ஏறுவேன்.

ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு பெட்டி வாங்கவேண்டிய காலம் ஒன்று இருந்தது. இதே மும்பையில் 1982இல் சரண்ஜித் சிங், ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை வைத்துப் பத்து ராகங்களுக்கு டிஸ்கோ தாளம் கட்டி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அந்தக் கருவிகளை வாங்க முடிந்தவர்கள் நம் ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவே. 1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. பாட்டு மென்பொருளுக்குள் வேறொருவர் எழுதிய எஃபெக்டைச் செருகலாம், பின்னாளில் வாத்தியத்தையும் செருகலாம் என்றானது. அதுதான் ப்ளகின்.

தம்பியின் திரையில் இலவச ப்ளகின் சிந்தசைசர்களான வைட்டல் இருக்கிறது, டெக்ஸ்ட் இருக்கிறது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரின் நகல் இந்த டெக்ஸ்ட். கட்டையைத் தொட்டதும் எண்பதுகளின் பாட்டுக்கே உரிய அந்த மணியோசைப் பியானோ எழுந்தது. எதிரொலிக்கு வல்ஹல்லா சூப்பர்மாஸிவ். குரலின் சுருதியைச் சீர்செய்ய கிரெய்லன். வாத்தியங்கள் கூடக்கூடப் பழைய லேப்டாப் திணறும். அப்போது ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 512 சாம்பிளுக்கு ஏற்றுகிறான். கட்டையை அழுத்தி ஓசை வருவதற்குள் 11 மில்லிசெகண்டுக்கு மேல் கழிந்துவிடும். கேட்பவனுக்கு அது தெரியாது, தாளம் தட்டுகிறவன் விரலுக்குத் தெரியும்.

முந்தின நாள் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் பாட்டு சொல்லித்தரும் ஒரு மாமியைப் பார்த்தேன். சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசரைத் திறந்து காட்டினார். கிளாஸ் யோஹான்சன் சர்ஜ் என்ற பெயரில் விலைக்கு விற்றுவந்த மென்பொருள் அது. 2018இல் மூலநிரலோடு பொதுவில் கொடுத்தார். இன்று தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். "கீபோர்டு காந்தாரம் காதுல குத்தும், கேளுங்கோ" என்று சட்ஜத்தோடு சேர்த்து வாசித்தார். கீபோர்டில் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து 400 சென்ட் (சுருதியை அளக்கும் நுண்ணலகு) தள்ளி நிற்கிறது. தம்புராவோடு இழையும் காந்தாரம் 386இல். சர்ஜுக்குள் சுருதிக் கோப்பு ஒன்றை ஏற்றினார். காந்தாரம் அந்த 14 சென்ட் இறங்கி உட்கார்ந்தது. விலை கொடுத்து வாங்கியிருந்த கீபோர்டில் இத்தனை நாள் அவருக்கு வாய்க்காதது இது.

ஆனால் இந்த இலவசக் களஞ்சியத்தில் தம்பி தேடிய ஒன்று மட்டும் இல்லை. பறை. ட்ரம்ஸ் கொட்டிக் கிடக்கிறது, தபலாகூட அங்கங்கே அகப்படுகிறது. பறை என்று சில இடத்தில் வருவதைக் கேட்டால் தகரம் தட்டியதுபோல் இருக்கிறது. தோல் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நிறைந்த தாராவியில், பறைக்கு இன்னொருவரை எதிர்பார்த்து நிற்பது அவனுக்கு ஆகவில்லை. டிசென்ட் சாம்ப்ளர் என்ற இலவச ப்ளகின் கைகொடுத்தது. ஒலிக் கோப்புகளும், எந்தக் கட்டைக்கு எந்த ஒலி என்று எழுதிய ஓர் எழுத்துக் கோப்பும் கொடுத்தால் போதும், அது நம் வாத்தியமாகிவிடும்.

நான் போன ஞாயிற்றுக்கிழமைதான் பறைப் பதிவு. இடம், விடுமுறையில் பூட்டிக்கிடந்த பட்டறை. அடுக்கிய தோல் சுருள்களும் பை செய்யும் ஃபோமும் எதிரொலியை உறிஞ்சிக்கொண்டன. லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டும் அறையில் நடப்பதும் இதேதான். வாசித்தவர் அவனுடைய சித்தப்பா, அறுபதை நெருங்குகிறவர். வாசலில் தகர டின்னில் காகிதம் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். அடிக்குச்சியில் ஓர் அடி, சிண்டுக்குச்சியில் ஓர் அடி, இரண்டும் சேர்ந்து ஓர் அடி. ஒவ்வொன்றும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி. அதையும் நான்கு நான்கு தடவை. மொத்தம் 36. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் இயந்திரம் என்று காது கண்டுபிடித்துவிடும். நான்கு ஒலிகளை முறைவைத்து மாற்றினால் கை தெரியும்.

இருபதாவது அடியில் சித்தப்பா நிறுத்தினார். "சூடு போச்சுலே. சத்தம் தொங்குது." எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை. தம்பி திரையில் முதல் அடியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்; சுருதி இறங்கித்தான் இருந்தது. மறுபடி டின், மறுபடி நெருப்பு, மறுபடி முதலிலிருந்து. மூன்று முறை அப்படி நடந்தது. தோலின் சூட்டைக் கையளவில் அறிந்த அந்த மனிதர் இல்லாமல் எந்த ப்ளகினும் பறையாகாது. அந்த அறிவுக்கு மதிப்பு வைக்காமல் 'இலவசம்' என்று நாம் சந்தோஷப்படுவது எனக்கு உறுத்துகிறது.

சாயங்காலம் கீபோர்டின் கட்டை ஒன்றைச் சித்தப்பாவை அழுத்தச் சொன்னான். அவர் பறை பேசியது. இன்னும் நாலு தடவை அழுத்தினார்.

"எவ்வளவுக்கு விக்கப்போற?"

"சும்மாதான் சித்தப்பா குடுக்கணும். எனக்கும் எல்லாம் சும்மாதானே கிடைச்சுது."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "சரி. எம் பேரு இருக்குமா?"

"முதல் வரியே உங்க பேருதான். எடுக்கிறவங்க பேரை எடுக்கக் கூடாதுன்னு எழுதுறேன்."

"ஊரையும் போடு."

"எந்த ஊரு, தாராவியா?"

"ரெண்டையும் போடுலே" என்றார். தம்பி தட்டச்சு செய்தான். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து தப்பாயிருந்ததை அவர் விரலால் தொட்டுக் காட்டினார்.