காசில் ஆண்டைப் படிப்பது

ஒரு காசு அரியதா என்பதை அதன் ஆண்டில் எத்தனை அச்சாயின, அவற்றில் எத்தனை உருகாமல் தப்பின என்று சேர்த்துப் பார்த்தே சொல்ல முடியும். ஆண்டோடு நாணயச்சாலைக் குறியையும் படித்தாக வேண்டும்.

குறியைப் படிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு, கர்நாடகத்தின் கோலார் தங்கவயலோடு தொடர்புள்ள சான்று 1918ஆம் ஆண்டுச் சவரன் என்ற பிரிட்டிஷ் தங்கக் காசு. அதுவரை வயலின் தங்கம் பெரும்பாலும் லண்டனுக்குக் கப்பலேறியது. முதல் உலகப் போரில் கடல்வழி ஆபத்தானதால், லண்டன் ராயல் மின்ட் 1918இல் பம்பாயில் ஒரு கிளை திறந்தது. அங்கே ஏறத்தாழ 13 லட்சம் சவரன்கள் அச்சாயின. அடுத்த ஆண்டே கிளை மூடப்பட்டது. குதிரைமேல் புனித ஜார்ஜ் இருக்கும் பக்கத்தில், ஆண்டுக்கு நேர்மேலே தரைக்கோட்டில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து பொடியாகத் தெரியும். அதுதான் பம்பாய்க் குறி. அந்தக் காசில் இருப்பது கோலார்த் தங்கமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை.

1918இல் லண்டனில் சவரன் அடிக்கவே இல்லை. ஆஸ்திரேலியாவின் மூன்று நாணயச்சாலைகளும் கனடாவின் ஒட்டாவாவும் பம்பாயும்தான் அடித்தன. எல்லாமே குறி போட்டவை. ஆகவே எழுத்தே இல்லாத 1918 சவரன் கைக்கு வந்தால் சந்தேகப்பட வேண்டும். தேய்ந்து மறைந்ததா, போலியா என்பதை லென்ஸும் தராசும் காட்டிக்கொடுக்கும். நல்ல சவரனின் எடை 7.98 கிராம்.

லண்டனின் 1917ஆம் ஆண்டுச் சவரனும் சுமார் 10 லட்சம் அச்சானது. பெரும்பகுதி போர்ச் செலவுக்காக அமெரிக்கா போய் உருக்கப்பட்டதாக நாணயவியலார் கருதுகிறார்கள். எண்ணிக்கையில் பம்பாய்ச் சவரனை நெருங்கிய அந்தக் காசு இன்று அதைவிட வெகு அரிது. அச்சான கணக்கை மட்டும் நம்புவோர் சறுக்கும் இடம் இது.

வெள்ளி ரூபாயில் எல்லோரும் தேடுவது 1939. அடுத்த ஆண்டு ரூபாயில் வெள்ளியின் பங்கு 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 1938ஆம் ஆண்டு ரூபாயின் 8ஐச் சுரண்டி 9 ஆக்கிய காசுகளும் புழங்குகின்றன. இரண்டுக்கும் ஒரே உலோகம், ஒரே எடை என்பதால் தராசு இங்கே உதவாது. கடைசி இலக்கத்தைச் சுற்றியுள்ள தளத்தில் உளித்தடம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். விக்டோரியாவின் 1862 ரூபாய் வேறு விதம். அந்த ஆண்டெண்ணையே மாற்றாமல் பத்தாண்டுக்கு மேல் அடித்தார்கள். பம்பாயில் அடித்தவற்றில் எது எந்த ஆண்டுக் காசு என்பதை ஆண்டெண்ணருகே உள்ள புள்ளிகளை எண்ணித்தான் பிரிக்கிறார்கள்.

அரிய ஆண்டே கிடைத்தாலும் காசின் நிலை மோசமானால் விலை விழும். காசுமாலைக்காக ஆசாரி வளையம் பற்றவைத்த சவரனைச் சேகரிப்பாளர் தங்க விலைக்கு மேல் அதிகம் கேட்பதில்லை. வெள்ளி ரூபாயைத் திருநீறு போட்டுத் துலக்கினால் மேற்பரப்பின் இயல்பான பொலிவு போய்விடும். அதை மீட்கவே முடியாது. கறுத்த காசை அப்படியே தாளுறையில் வைத்திருப்பதுதான் சரி.