டப்ளின் கடைக் கண்ணாடியும் தலவாக்கலைக் கொழுந்தும்

நாவலப்பிட்டியைக் கடந்ததும் புகைவண்டிக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிடுகிறது. வளைந்து வளைந்து மலையேறும் அதன் வாலை நம் பெட்டியின் சாளரத்திலிருந்தே காணலாம். வெளியே ஆனி மாதத்துச் சாரல். உள்ளே நம் மடியில் தலையணை போன்றதொரு புத்தகம். எதிரே அமர்ந்திருந்த பெரியவர் அதைக் கையில் வாங்கி, எடையை நிதானித்துப் பார்த்து, "பரீட்சைக்கோ?" என்று வினவினார். இல்லையென்றோம். பரீட்சையும் இல்லாமல் ஒருவர் இதை எதற்குச் சுமக்க வேண்டும் என்ற ஐயம் அவர் முகத்தை விட்டு அகலவில்லை.

அன்று ஜூன் 16. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், ஆண்டுதோறும் இந்நாளில் மக்கள் பழங்காலத் தொப்பி தரித்து, ஒரு நாவலின் கதைமாந்தர் நடந்த தெருக்களில் தாமும் நடந்து மகிழ்கின்றனர். அந்நாவல் ஜேம்ஸ் ஜொய்ஸ் எழுதிய 'யுலிஸஸ்'. 1922 பெப்ரவரி 2 ஆம் நாள், ஆசிரியரின் நாற்பதாவது பிறந்த தினத்தில், அது பாரிஸ் நகரில் வெளியாயிற்று. எழுநூறு பக்கங்களுக்கு மேல் விரியும் அக்கதை நிகழ்வதோ 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளில். புளூம் என்னும் சாமானியர் ஒருவர் காலையில் எழுந்து, ஊரெல்லாம் அலைந்து, இரவில் வீடு திரும்புகிறார். அவர் மனத்தில் ஓடுவதெல்லாம் ஓடியபடியே காகிதத்தில் இறங்கியிருக்கிறது. நனவோடை என்று நம் விமரிசகர்கள் வழங்கும் இம்முறை, ஜொய்ஸுக்குப் பின் உலகமெங்கும் பரவிற்று. லா. ச. ராமாமிர்தத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இச்சொல்லும் உடன் எழுவதை வாசகர்கள் அறிவர்.

இந்த நாளைக் கழிக்க டப்ளின் இருக்க, தலவாக்கலைக்கு ஏன் போகவேண்டும்? காரணம் புத்தகத்திலேயே இருக்கிறது. காலை பத்து மணியளவில் புளூம், வெஸ்ட்லாண்ட் ரோ என்னும் தெருவில் ஒரு தேயிலைக் கடையின் கண்ணாடி முன் நிற்கிறார். ஈயத்தாள் சுற்றிய பொட்டலங்கள். அவற்றில் இலங்கைத் தேயிலையின் பெருமை. அவ்வளவுதான், அவர் நினைவு கடல் தாண்டிவிடுகிறது. உலகத்தின் பூந்தோட்டமாம் அந்நாடு. அங்குள்ளவர்கள் நாளெல்லாம் வெயிலிலே படுத்துக் கிடப்பார்களாம். ஒரு துரும்பையும் எடுத்துப் போடமாட்டார்களாம்!

கணக்கிட்டுப் பார்த்தோம். டப்ளினில் காலை பத்து மணியென்றால், அக்காலத்து இலங்கைக் கடிகாரத்தில் பிற்பகல் நான்கை நெருங்கும் வேளை. தென்மேல் பருவமழை இம்மலைகளைப் போட்டு உலுக்கும் மாதம். மலைச்சரிவில் காலையிலிருந்து நின்ற பெண்கள், தலைக்கயிற்றில் தொங்கும் கூடையோடு, அந்திக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நோக்கி இறங்கும் நேரம் அது. புளூம் சோம்பற் சொர்க்கத்தைக் கனவு காணும் அந்த நிமிடத்திலேதான், அவர் கனவுக்குரிய இலையை யாரோ ஒருத்தி முதுகில் சுமந்து வழுக்குப் பாதையில் கால் ஊன்றுகிறாள்.

ஜொய்ஸை இதற்காகக் குறை கூறுவது முறையாகாது. நண்பர்களுக்கு அவர் எழுதிக் கொடுத்த குறிப்பில் அந்த அத்தியாயத்துக்குத் 'தாமரை உண்போர்' என்றே பெயர். கிரேக்கக் காவியத்தில் தாமரையைத் தின்று தம்மை மறந்து கிடந்தவர்களைக் குறிப்பது அது. மயங்குவது இலங்கையன்று, டப்ளின்தான் என்று அவர் நகைத்திருக்கிறார் என்றே நாம் கொள்கிறோம். எனினும் ஒன்று உறுத்துகிறது. 1904 இல் அயர்லாந்தும் இலங்கையும் ஒரே முடியின் கீழ் இருந்தவை. ஓர் அடிமை நாட்டான் மற்றோர் அடிமை நாட்டைத் தேநீர்ப் பொட்டலத்தின் வழியே பார்க்கும்போது, அதிலுள்ள ஆட்கள் அவன் கண்ணில் படவில்லை.

அட்டனில் வண்டி நின்றது. பின்பு சிங்கமலைச் சுரங்கத்து இருளுக்குள் நுழைந்து வெளிப்பட்டது. கொட்டகலையைத் தாண்டித் தலவாக்கலையில் இறங்கினோம். இப்பகுதித் தோட்டங்களின் பெயர்களே ஒரு வேடிக்கை. ஹாலிரூட் என்பது ஸ்கொட்லாந்து அரண்மனையின் பெயர். பூண்டுலோயாப் பக்கத்து டன்சினேன், ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வரும் குன்று. ஊர் ஏக்கம் தீரத் துரைமார் இட்ட பெயர்கள். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலந்தொட்டு நடந்து வருவது இது. அதற்கு முன்பே, கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்து வழியில் மாண்டவர்களுக்கும் ஊர் ஏக்கம் இருந்திருக்கும். அவர்கள் எந்த மலைக்கும் பெயரிடும் நிலையில் இல்லை.

மாலையில் மடுவத்தின் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கினோம். கூடைகள் வந்து இறங்கின. ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்க நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். அதுவும் இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளியது. தராசு முள்ளைப் பார்க்கும் கண்களில் வேறெந்த எண்ணத்துக்கும் இடமில்லை. ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர், பேத்திக்குப் படங்குச் சாக்கு கொண்டுவந்தவர், நம் அருகே நின்றார். கொழுந்து எடுக்கும்போது மனத்தில் என்னதான் ஓடும் அம்மா என்று கேட்டுவைத்தோம்.

"கை தன்னால எடுக்குங்க ஐயா. நெனப்புதான் நிக்காது. அந்திக்கு என்னா ஆக்குறது, கடைக்காரனுக்கு என்னா சொல்றது, பிள்ளைக் காம்பராவுல விட்ட புள்ள அழுவுதோ என்னமோ... எந் தங்கச்சி ஒப்பாரிக் கோச்சியில ஏறிப் போனவ, அவ மொகம் வரும். அப்புறம் கங்காணி சத்தம் போடுவாரு. மறுபடி கொழுந்து."

1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற வண்டிக்கு, பிளாட்பாரத்தில் எழுந்த அழுகையைக் கேட்டு மலையகம் வைத்த பெயர் அது. நாம் மடியிலிருந்த புத்தகத்தைப் பைக்குள் வைத்தோம். நனவோடைக்கு இதைவிட வேறென்ன இலக்கணம் வேண்டும்?

இந்த மனங்களை எழுத முனைந்தவர் இல்லாமலில்லை. அடுத்த நிலையமான வட்டகொடைக்கு அண்மையில் இருக்கிறது மடக்கும்புரத் தோட்டம். அங்கே 1914 இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. ஜொய்ஸின் 'டப்ளினர்கள்' கதைத்தொகுதி அச்சேறியதும் அதே ஆண்டுதான். தற்செயலே, ஆயினும் நினைக்க இனிக்கிறது. 1947 தேர்தலில் வேலுப்பிள்ளை தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1954 இல் அவர் ஆங்கிலத்தில் 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்னும் நெடுங்கவிதையை வெளியிட்டார். 1970 இல் தோட்டத்து மாந்தரின் உரைச் சித்திரங்கள். 'வீடற்றவன்' என்று தமிழில் ஒரு நாவலும் எழுதினார். லயத்துக்கு லயம் கேட்டுத் திரட்டிய நாட்டுப்பாடல்களை, 1984 இல் அவர் மறைவதற்குச் சற்று முன்னர் நூலாக்கினார். அவர் ஜொய்ஸைப் பின்பற்றியவர் என்று நாம் சொல்லவரவில்லை. நடையும் நோக்கும் வேறு. தம் சிறிய ஊரே உலகுக்குப் போதும் என்ற துணிவொன்றில்தான் இருவரும் நெருங்குகின்றனர்.

ஜொய்ஸ் அந்தத் துணிவை எவ்வளவு தூரம் கொண்டுசென்றார் என்பதற்கு ஒரு சான்று: 1921 இல் பாரிஸிலிருந்து தம் மாமிக்குக் கடிதம் எழுதி, எக்கிள்ஸ் தெரு 7 ஆம் இலக்க வீட்டின் இரும்புக் கிராதியை ஒரு சாதாரண மனிதன் தாண்டிக் கீழே குதிக்க இயலுமா என்று விசாரித்தார். அது புளூமின் வீடு. அதாவது, இல்லாத ஒருவரின் வீடு. அவ்வீடு பின்னாளில் இடிக்கப்பட்டபோதும் அதன் கதவைக் காப்பாற்றி டப்ளினில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மூதாட்டியின் லயத்துக்கோ தெருவும் இல்லை, இலக்கமும் இல்லை. தங்கையின் கடிதங்கள் தோட்டப் பெயருக்கு வந்து, கந்தோரில் கிடந்து, பிறகு கைக்குக் கிடைக்குமாம்.

மழை விட்டது. கையிலிருந்தது என்ன கதை என்று கேட்டார். தேயிலைக் கடை வாசலில் நின்ற மனிதரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னோம். அவர் இலங்கையைப் பற்றி நினைத்ததையும் மறைக்கவில்லை. மூதாட்டி சிரித்தார்.

"அந்த ஐயா தேயிலை வாங்கினாருங்களா?"

வாங்கவில்லை, தெரிந்த தேயிலை வியாபாரி ஒருவர் இருந்தார், அவரிடம் பெற்றுக்கொள்ளலாமென எண்ணிப் போய்விட்டார் என்றோம்.

"ஓசிக்கா?" என்று கேட்டுவிட்டு, பேத்தியின் வெறுங்கூடையைத் தம் தலைக்கு மாற்றிக்கொண்டு அவர் லயத்துப் படிகளில் ஏறலானார்.