இருநூறு வருசத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்

2023-இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து போனார்களே, அதற்குப் பிறகு ஹட்டன் பக்கம் எந்த இலக்கியக் கூட்டத்துக்குப் போனாலும் நாவல் எழுதப் போகிறேன் என்று சொல்லும் ஒரு பிள்ளையாவது கண்ணில் படுகிறது. சந்தோசம்தான். என்ன கதை என்று கேட்டால் தோணியில் ஆரம்பிக்கிறார்கள். கோப்பி, அப்புறம் தேயிலை, 1948 குடியுரிமைச் சட்டம், 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1983 கலவரம், கடைசியில் சம்பளப் போராட்டம். கதாநாயகன் யார் என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

நானும் வாத்தியார் வேலை ஓய்ந்த பிறகு நாவல் எழுத உட்கார்ந்தவன்தான். வயதில் மூத்தவன், எழுத்தில் உங்களோடு ஒரே வகுப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன்: இருநூறு வருசத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு எந்தக் கதாபாத்திரத்தாலும் நடக்க முடியாது.

என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையைப் பாருங்கள். ஒரு பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொழுந்து எடுத்துவிடுகிறாள். எப்படி எடுத்தாள் என்று பேச்சுக் கிளம்புகிறது. அவ்வளவுதான் விசயம். தராசில் நிற்கும் எடையும் ஒரு பெண்ணின் மானமும் ஒன்றாகிவிடும் இடம் தோட்டம் என்பதை அவர் பிரசங்கம் பண்ணவில்லை. அந்தப் பெண்ணின் கையையும் அவளைச் சுற்றியிருந்தவர்களின் வாயையும் காட்டினார். அறுபதுகளில் வந்த கதை இன்றும் நிற்கிறது.

கதைப்பின்னல் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நம் வேலையிலேயே அது கிடக்கிறது. காலையில் பெரட்டு. அங்கேதான் யாருக்கு எந்த மலை, எந்த நிரை என்று பிரிக்கிறார்கள். நல்ல நிரை கிடைத்தவளுக்கும் புல் மண்டிய நிரை கிடைத்தவளுக்கும் நடுவில் அன்றைக்கு ஒரு பகை முளைக்கிறது. பிறகு நிறுவை. ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் எடையில் கழிப்பார்கள். ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோக் கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அது நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். நம் பக்கம் பெப்ரவரி வெயிலில் கொழுந்து சுருங்கும், பேர் விழாது, கடைக்கொப்பியில் கடன் ஏறும். ஏப்ரலில் மழை கண்டதும் கொழுந்து தள்ளும், ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் மாதக்கணக்கில் கொழுந்தே இராது. கல்யாணத்தைப் பெப்ரவரியில் வைத்தால் ஒரு கதை, மே மாதத்தில் வைத்தால் வேறு கதை. இந்த நாட்காட்டி தெரிந்தவனுக்குச் சம்பவம் தேடி அலைய வேலையில்லை.

இன்னொன்று. நாவலுக்கு இரகசியம் வேண்டும் என்பார்கள். பழைய லயத்தில் இரகசியம் எங்கே இருக்கிறது? பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, பல இடங்களில் கூரை வரைக்கும் எட்டாத சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணி குடிக்கிறாயா என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி ஒரு விசயத்தை ஆறு மாதம் மறைத்து வைக்கிறாள் என்றால், அவள் எப்படிப் பேசுவாள், எதற்குச் சிரிப்பாள், பீலிக்கரைக்கு எந்த நேரம் பார்த்துப் போவாள்? இதை எழுதிப் பார்த்தால் தெரியும், பாத்திரப் படைப்பு என்பது என்ன என்று.

வெளியிலிருந்து வந்தவர்களும் தோட்ட வாழ்க்கையை எழுதியிருக்கிறார்கள். முல்க் ராஜ் ஆனந்த் 1937-இல் அசாம் தேயிலைத் தோட்டத்தை வைத்து எழுதினார். வால்பாறைப் பக்கம் தோட்ட டாக்டராக இருந்த பி.எச். டேனியல் எழுதியது தமிழில் ‘எரியும் பனிக்காடு’ ஆனது. இங்கே டாக்டர் நந்தி ‘மலைக்கொழுந்து’ எழுதினார். இவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வலியோடுதான் வருவார்கள். சம்பள நாளில் பிள்ளைக்குச் சட்டை வாங்கி வந்தவனின் கெத்து, கங்காணியைப் போல நடித்துக் காட்டிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பது, காமன் கூத்தில் ரதியாக ஆடியவன் மறுநாள் பெரட்டில் படும் கேலி எல்லாம் லயத்துக்குள் இருந்தவனுக்குத்தான் தெரியும். கஷ்டத்தை மட்டும் எழுதுகிற நாவல் பாதி நாவல்.

நேரம் இல்லை என்ற பேச்சை என்னிடம் கொண்டுவராதீர்கள். சி.வி. வேலுப்பிள்ளை 1947-இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனவர். தொழிற்சங்கத்தில் உழன்றுகொண்டேதான் எழுதினார். வேலை போனால் காம்பராவும் போகும் என்ற தோட்டத்துச் சட்டத்தை ‘வீடற்றவன்’ என்று தலைப்பிலேயே வைத்தார். தெளிவத்தை ஜோசப் கொழும்பில் கணக்கெழுதிப் பிழைத்தவர். தான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு, 1974-இல் ‘காலங்கள் சாவதில்லை’ தந்தார். ஓய்வாக உட்கார்ந்து எழுதிய ஆள் நம்மில் எனக்குத் தெரிந்து இல்லை. நான்தான் ஓய்வோடு உட்கார்ந்திருக்கிறேன், பக்கம் நகர மாட்டேன் என்கிறது.

பேச்சுவழக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா வரியையும் கொச்சையாக எழுதினால் தோட்டம் வந்துவிடாது. எந்த இடத்தில் துரை முன்னால் குரல் மாறுகிறது, எந்த இடத்தில் சிங்களச் சொல் கலக்கிறது என்று காது கொடுங்கள், போதும்.

உங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்த அம்மாயி ஒருவராவது இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். கப்பலையும் ஒப்பந்தத்தையும் அவரிடம் கேட்க வேண்டாம். அது புத்தகத்தில் இருக்கிறது. முதன்முதலாகப் பேர் பதிந்த நாளில் எந்த மலைக்கு அனுப்பினார்கள், பக்கத்து நிரையில் யார் நின்றார்கள், மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். போனை அணைத்துவிட்டு, இந்தக் கிழமைக்குள்ளேயே போங்கள். அவர்களில் பலருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது.