சுவரறிந்து பூசுதல்

தை பிறப்பதற்கு முன்னரே சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்கள் புதுக்கோலம் பூணத் தொடங்கும். காப்புக் கட்டும் நாளில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சிறுபீளையும் கூரையிற் செருகுவர். அதற்குள் சுவர்கள் வெண்மை பெற்றுவிட வேண்டும் என்பது இல்லத்தார் விருப்பம்.

வெள்ளையடிக்கும் வழக்கம் அழகு கருதி மட்டும் எழுந்ததன்று. வெண்ணிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி விடுதலால் வீட்டின் வெம்மை தணிகிறது. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு நீங்கும். அதனை நீரிட்டு நீற்றிச் சுவரிற் பூசினால், காற்றிலுள்ள அவ்வாயுவையே மீண்டும் ஏற்று மெல்லிய கல்லாக இறுகும். இறுகிய பின்னும் அதில் நுண்துளைகள் உண்டு. சுவரின் ஈரம் அவற்றின் வழியே வெளியேறும்.

வெண்மையானவை எல்லாம் சுண்ணாம்பு ஆகா. சேலத்தை அடுத்த வெண்கற் குன்றுகளை ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’, அஃதாவது சுண்ணக்கட்டிக் குன்றுகள், என்றனர். ஆனால் அங்கே கிடைப்பது மாக்னசைட் என்னும் வேறொரு கனிமம். எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு உதவுவது. தோற்றத்தைக் கண்டு இயல்பைத் துணிதல் பிழை என்பதற்கு அக்குன்றுகளே சான்று. பூச்சைத் தேர்வதற்கும் பூசுவோரைத் தேர்வதற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

நாமக்கல்லை அடுத்த சிற்றூரில் உழவர் ஒருவர் வாழ்ந்தார். அவர் வீடு பாட்டனார் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டியது. மகளின் திருமணம் நெருங்கியது. கையிலிருந்த பொருள் ஒருமுறை பூசுவதற்கே போதுமானது.

வண்ணம் பூசுவோர் இருவர் வந்தனர். முன்னவர் வண்ண அட்டையை விரித்து, “ஐயா, நிறத்தைச் சொல்லுங்கள், நான்கு நாளில் முடித்து விடுகிறேன்” என்றார். பின்னவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், நகத்தாற் கீறினார், அடிச்சுவரில் உப்புப் பூத்திருந்ததைக் காட்டினார்.

“ஐயா, கூரைநீர் சுவரில் வழிவதை முதலில் தடுக்க வேண்டும். இப்பழங்காரைமீது ஈரத்தை வெளிவிடாத பூச்சைப் பூசினால், விரைவில் பொரிந்து உதிர்ந்துவிடும். சுண்ணாம்பே ஏற்றது. சன்னலின் பழைய பூச்சை நனைத்தே தேய்ப்பேன். குழந்தைகள் உள்ள வீட்டில் அத்தூசி பறக்கலாகாது. பத்து நாள் ஆகும்” என்றார்.

அவர் அஞ்சியதிற் பொருளுண்டு. பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அது சிறார் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பூச்சுகளில் பத்து இலட்சம் பங்கில் ஈயம் 90 பங்கிற்கு மிகலாகாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

உழவர் தயங்கினார். “உறவினர் பளபளக்கும் வீட்டையன்றோ எதிர்பார்ப்பர்?” என்று மகளிடம் வினவினார்.

“அப்பா, அவர்கள் ஒருநாள் பார்த்துச் செல்வார்கள். நான் சென்ற பின்னும் நீங்களும் அம்மாவும் இச்சுவர்களுக்குள்தானே இருப்பீர்கள்?” என்றாள் மகள்.

பணி பின்னவருக்கே அளிக்கப்பட்டது. மணநாளில் அவ்வீடு தூய வெண்மையுடன், அடியிற் காவிக் கரை விளங்க நின்றது. அடுத்து வந்த மழையிலும் காரை பெயரவில்லை.

சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. சுவரின் குறையை மறையாது உரைப்பவரே அதன்மீது சித்திரம் எழுதத் தக்கவர்.