நான்கு மணிக்கு இருளும் ஊரில் ஒருநாட் பயணம்
(அனுபவக் கட்டுரை)



"என்னால் மறக்க முடியாத ஒரு பயணம்" என்னும் தலைப்பு உங்களுக்குப் புதியதன்று. அதிகாலையில் பஸ் புறப்பட்டது, பாட்டுப் பாடினோம், பல இடங்களைப் பார்த்தோம், மாலையில் களைப்போடு வீடு திரும்பினோம் என்று எழுதிப் பழகியிருப்பீர்கள். நான் இங்கே கூறப்போவது ஒரு சிறு கூட்டற் கணக்கைச் செய்யாமல் விட்டதால் உயிராபத்தைத் தேடிக்கொண்ட பயணம். கணக்கை விட்டவன் நானேதான்.

2008ஆம் ஆண்டு மார்கழி மாதம். அப்போது நான் இலண்டனில் படித்துக்கொண்டிருந்தேன். சித்தியின் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கு வந்து மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. உங்கள் வயதுதான் அவனுக்கும். குளிருக்குப் பயந்து அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தான். "வா, ஒருநாள் கடற்கரைப் பக்கம் போட்டு வருவம்" என்று கூறி அவனை வெளியே இழுத்தவன் நான்.

நாங்கள் தெரிந்தெடுத்த இடம் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள 'ஏழு சகோதரிகள்' என்னும் சுண்ணக்கல் ஓங்கல்கள். புவியியற் பாடத்தில் கடலரிப்பு, ஓங்கல் என்று படிப்பீர்கள் அல்லவா? அவற்றை அங்கே கண்முன்னே காணலாம். அலை அடிவாரத்தை அரிக்க, மேற்பகுதி சரிந்து விழுகின்றது. இதனால் ஓங்கலின் முகம் எப்போதும் புதிதாக வெட்டியதுபோல வெள்ளையாக இருக்கும். கிழக்கே பீச்சி ஹெட் என்னுமிடத்தில் ஓங்கலின் உயரம் 162 மீற்றர். அருகிலுள்ள பழைய வெளிச்சவீடு ஒன்று கடலுக்குள் விழுந்துவிடும் என்று அஞ்சி, 1999இல் அந்தக் கட்டடத்தை அப்படியே 17 மீற்றர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள்.

கிழமை நாட்களில் காலை நெரிசல் நேரம் கழிந்த பின் புகையிரதக் கட்டணம் குறைவு. ஆகவே சாவகாசமாக எழுந்து, பத்து மணிக்குப் பின்னர் விக்டோரியா நிலையத்தில் ஏறினோம். ஈஸ்ற்போர்ன் நகருக்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். அங்கிருந்து பஸ். நடக்கத் தொடங்கும்போது நேரம் பிற்பகல் 12.45. ஓங்கல்களின் மேலாக ஈஸ்ற்போர்ன் வரை ஏறத்தாழ 13 கிலோமீற்றர், ஏற்றமும் இறக்கமுமாக நான்கு மணித்தியால நடை. 12.45உடன் நான்கைக் கூட்டினால் 4.45. அந்த நாட்களில் அங்கே சூரியன் மறைவது மாலை நான்கு மணிக்குச் சற்று முன்னர். இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். நான் செய்யவில்லை. 'பின்னேரம் ஐந்து மணிதானே, வெளிச்சம் இருக்கும்' என்ற நம் ஊர் நினைப்பு எனக்குள் இருந்தது.

மூன்று மணியளவில் பேர்லிங் கப் என்னும் இடத்திற்கு வந்தோம். அங்கே தெரு உண்டு; தேநீர் குடிக்கவும் இடம் உண்டு. தம்பியின் துணிச் சப்பாத்து நனைந்து, சேற்றில் ஊறிப்போயிருந்தது. "அண்ணை, இதோட நிப்பாட்டுவமோ?" என்று கேட்டான். "இன்னும் கொஞ்சத் தூரந்தானே, நடப்பம்" என்றேன். அன்று நான் விட்ட பெரிய பிழை அதுதான். புறப்பட்ட வேளையில் கணக்குப் பிழைத்தாலும், திருத்துவதற்கு ஓர் இடம் கிடைத்தது. அதையும் என் வீம்பினால் தவறவிட்டேன்.

பழைய வெளிச்சவீட்டைத் தாண்டியதும் கடலிலிருந்து மூடுபனி ஏறியது. சிறிது நேரத்தில் பாதை மறைந்தது. நனைந்த சுண்ணக்கல் சவர்க்காரம்போல வழுக்கியது. கையை நீட்டினால் விரல் தெரியும். அதற்கப்பால் சாம்பல் நிறம். கீழே அலை மோதும் சத்தம் மட்டும் கேட்டது. அது எவ்வளவு தூரத்தில் என்று சொல்ல முடியவில்லை. தம்பி என் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "அண்ணை, இஞ்ச வேலி ஒண்டும் இல்லையே?"

இல்லை. அந்த ஓங்கல் விளிம்பின் பெரும்பகுதியில் வேலியே கிடையாது.

எனக்கு அப்போது நினைவில் வந்தது ஒன்றுதான். சத்தம் எங்கிருந்து வருகிறதோ, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நட. அப்படியே புல்வெளியில் உள்நோக்கி நடந்தோம். சில நிமிடங்களின் பின் ஒரு வாகனத்தின் வெளிச்சம் மங்கலாகக் கடந்து போயிற்று. தெரு! அதன் ஓரமாகவே நகரம் வரை நடந்தோம். வழியில் தம்பி ஒரு சொல்லும் பேசவில்லை. அன்றிரவு வீட்டில் அவனுடைய கால்களை இளஞ்சூட்டு நீரில் வைத்துக் கழுவியபோது, சித்திக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்ற எண்ணம் என்னை உலுக்கியது.

மாணவர்களே, இவ்வளவு விரைவாக ஏன் இருளுகின்றது? பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்துள்ளது. மார்கழியில் வட அரைக்கோளம் சூரியனுக்கு அப்பாற் சாய்ந்திருக்கும். யாழ்ப்பாணம் அகலக்கோடு ஏறத்தாழ 9½ பாகை வடக்கில் இருப்பதால் நமது மிகக் குறுகிய பகலும் 11½ மணித்தியாலம் நீளும். இலண்டனோ 51½ பாகை வடக்கில் உள்ளது. அங்கு டிசம்பர் 21 அல்லது 22இல் பகல் எட்டு மணித்தியாலத்திலும் குறைவு. நண்பகலிற்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். பரீட்சைக்காக இதை நான் மனனம் செய்து புள்ளியும் பெற்றிருந்தேன். ஆனால் ஓங்கலின் மேல் நின்றபோதுதான் அதன் பொருள் விளங்கியது.

இரண்டு வாரங்களின் பின் தம்பியே, "கேம்பிரிட்ஜ் பாப்பமோ?" என்று கேட்டான். இம்முறை ஒரு தாளை எடுத்துப் பின்னாலிருந்து முன்னோக்கி எழுதினோம். நான்கு மணிக்கு இருள். எனவே வெளியிற் பார்ப்பவற்றை மூன்றரைக்குள் முடிக்க வேண்டும். அதற்குப் பத்தரைக்காவது அங்கே நிற்க வேண்டும். கிங்ஸ் குரொஸ் நிலையத்திலிருந்து விரைவு வண்டியில் ஏறத்தாழ 50 நிமிடம். சனிக்கிழமை என்றால் காலையிலும் குறைந்த கட்டணம். ஞாயிறென்றால் பாதை திருத்த வேலை நடக்கலாம்; நத்தார் தினத்தில் புகையிரதமே ஓடாது. திரும்பும் வண்டிகள் இரண்டின் நேரத்தையும் குறித்துக்கொண்டோம். நனையாத சப்பாத்து, கம்பளிக் காலுறை, சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர் ஆகியனவும் அந்தத் தாளில் இடம்பெற்றன.

பகலில் ஆற்றங்கரையில் நடந்தோம். திரினிற்றிக் கல்லூரி வாயிலில் சற்று நின்றோம். கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜன் 1914இல் வந்து சேர்ந்த இடம் அது. குளிரும் ஒவ்வாத உணவும் அவரை வருத்தின, 1917இல் நோயுற்றார். ஆயினும் 1918இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவானார். "இந்தக் குளிருக்குள்ள இருந்தோ கணக்குச் செய்தவர்?" என்று தம்பி வியந்தான். இருள் சூழ்ந்ததும் கட்டணமில்லாத பிற்ஸ்வில்லியம் நூதனசாலைக்குள் நுழைந்தோம். இருளுக்கும் ஒரு வேலையை முன்பே ஒதுக்கி வைத்திருந்ததால், அன்று இருள் எங்களைத் துரத்தவில்லை.

வினாத்தாள் கையில் கிடைத்ததும் எழுதத் தொடங்கிவிடும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் அந்தப் பிற்பகல் என் நினைவுக்கு வரும். முதலில் முடிவு நேரத்தைப் பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கி நேரத்தைப் பங்கிடுங்கள். இடையில் "நிப்பாட்டுவமோ?" என்று உங்கள் உள்மனம் கேட்டால், ஒரு கணம் நின்று அதற்குச் செவிகொடுங்கள்.

பயிற்சி
1. எழுத்தாளர் தமது பெரிய பிழை எனக் கருதுவது யாது? அதற்கான காரணத்தை உமது சொற்களில் எழுதுக.
2. மார்கழியில் இலண்டனின் பகல் யாழ்ப்பாணத்தின் பகலைவிடக் குறுகியதாக இருப்பது ஏன்?
3. உமது ஊரிலிருந்து ஒருநாளிற் போய்வரக்கூடிய இடமொன்றுக்கு, திரும்பும் நேரத்திலிருந்து தொடங்கிப் பயணத்திட்டம் ஒன்று தயாரிக்குக.